டெத் வேலி தேசியப் பூங்கா: மாதம், மணி, உயரம், பெட்ரோல் பார்த்துத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

டெத் வேலிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “அங்கே என்னென்ன பார்க்கலாம்?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் போகிறீர்கள், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்பீர்கள், அந்த இடம் கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலே அல்லது கீழே, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்ற நான்கையும் முடிவு செய்துவிட்டால், பார்க்கும் இடங்களின் வரிசை தானாக அமைந்துவிடும். இதைச் செய்யாமல் நண்பகலில் போய் இறங்குகிறவர்கள்தான் “வெயிலும் உப்பும் தவிர ஒன்றுமில்லை” என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

பூங்கா கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரு சிறு பகுதி நெவாடாவுக்குள் நீள்கிறது. பரப்பளவு சுமார் 34 லட்சம் ஏக்கர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா கிடையாது. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள பேட்வாட்டர் உப்புவெளி கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த நிலம் அதுதான். எதிரே மேற்கில் நிற்கும் டெலஸ்கோப் சிகரத்தின் உயரம் 11,049 அடி. ஒரே பார்வைக்குள் இந்த இரண்டும் அடங்குவதால், ஒரே நாளில் கீழே கோடையும் மேலே பனியும் இருப்பது இங்கே வழக்கமான விஷயம்.

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நான்கு மலைத்தொடர்களைத் தாண்டி வர வேண்டும். ஒவ்வொன்றிலும் மழையை இறக்கிவிட்டு, இங்கே வறண்ட காற்றாகத்தான் வந்து சேர்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 2 அங்குலம். செடிகொடி இல்லாத தரை வெயிலை அப்படியே வாங்கிக்கொள்கிறது. சூடான காற்று மேலே எழுந்தாலும் இருபுறமும் செங்குத்தான மலைச்சுவர் இருப்பதால் வெளியேற வழியின்றி மறுபடி கீழே இறங்கி, அழுத்தத்தில் இன்னும் சூடாகிறது. 1913 ஜூலை 10 அன்று பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஃபர்னஸ் க்ரீக் என்ற இடத்தில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 56.7 டிகிரி செல்சியஸ், இன்றும் உலகின் அதிகபட்ச காற்று வெப்பமாக ஏற்கப்பட்டிருக்கிறது. சில வானிலை ஆய்வாளர்களுக்கு அந்த அளவீட்டில் சந்தேகம் உண்டு.

முதல் படி: மாதம்

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். பகலில் பள்ளத்தாக்கின் அடியில் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 4 டிகிரிக்கு இறங்கும். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போனால் விடியற்காலையில் நடுங்க வேண்டியதுதான். அந்த மாதங்களில் பகலும் குறுகியது. மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை காட்டுப்பூக்களுக்கு வாய்ப்பு உண்டு. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இடைவெளி விட்டு நல்ல மழை பெய்திருந்தால் மட்டுமே தரை முழுவதும் மஞ்சளாகும். 1998, 2005, 2016 ஆண்டுகளில் அப்படி நடந்தது. மற்ற ஆண்டுகளில் ஆங்காங்கே கொஞ்சம் பூத்திருக்கும். பூக்களை நம்பி மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள்.

நன்றி தெரிவிக்கும் நாள் வாரம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பிப்ரவரியில் வரும் அதிபர் தின நீள்வார இறுதி ஆகிய நாட்களில் கூட்டம் அலைமோதும். அறையும் கிடைக்காது, பார்க்கிங்கும் கிடைக்காது. அதே மாதங்களில் செவ்வாய், புதன் கிழமைகளில் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை போவதற்கு வேறு விதிகள் இருக்கின்றன. அவை தனியாகக் கீழே உள்ளன.

இரண்டாம் படி: வழியும் பெட்ரோலும்

லாஸ் வேகஸிலிருந்து வருவது எளிது. 160-ஆம் நெடுஞ்சாலையில் பரம்ப் ஊர் வரை வந்து, அங்கிருந்து பெல் விஸ்டா சாலையைப் பிடித்து டெத் வேலி ஜங்ஷனுக்கு வர வேண்டும். பிறகு 190-ஆம் நெடுஞ்சாலையில் ஃபர்னஸ் க்ரீக். மொத்தம் சுமார் 120 மைல், இரண்டு மணி நேரம். பரம்ப்பில் பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. தண்ணீர், பழம், ரொட்டி, தயிர், ஐஸ் என்று வேண்டியதையெல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியையும் அங்கேயே நிரப்புங்கள்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகும். ரிட்ஜ்க்ரெஸ்ட், ட்ரோனா வழியாகப் பானமின்ட் பள்ளத்தாக்குக்குள் நுழையலாம். அல்லது பேக்கர், ஷோஷோன் வழியாகத் தெற்கிலிருந்து வரலாம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதித் தமிழர்களுக்கு இது எட்டு, ஒன்பது மணி நேர ஓட்டம். வரைபடத்தில் யோசெமிட்டியின் டியோகா கணவாய் குறுக்குவழியாகத் தெரியும். ஆனால் டெத் வேலிக்கு ஏற்ற மாதங்களில் அது பனியால் மூடியிருக்கும். பேக்கர்ஸ்ஃபீல்ட், டெஹாச்சப்பி வழியாகவே வர வேண்டும்.

பூங்காவுக்குள் ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில்தான் பெட்ரோல் கிடைக்கும். மூன்றிலும் விலை அதிகம். பரம்ப், பீட்டி, ரிட்ஜ்க்ரெஸ்ட், லோன் பைன் ஆகிய ஊர்களில் நிரப்பிக்கொண்டு வருவதுதான் கணக்கு. பூங்காவுக்குள் ஒரு நாளில் 150 மைல் ஓட்டுவது சாதாரணம். அரைத் தொட்டிக்குக் கீழே இறங்கினால் விலையைப் பார்க்காமல் அடுத்த பங்க்கில் நிரப்பிவிடுங்கள்.

மின்கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேகமான சார்ஜர்கள் வெளியூர்களான பீட்டியிலும் பரம்ப்பிலும்தான். ஃபர்னஸ் க்ரீக்கில் இருப்பவை மெதுவானவை, இரவு முழுக்கச் செருகிவைக்கத்தான் சரிப்படும். டான்டேஸ் வியூ என்ற உயரமான காட்சி முனைக்கு ஏறும்போது பேட்டரி சர்ரென்று இறங்கும். இறக்கத்தில் அதில் ஒரு பகுதி திரும்பி ஏறிவிடும் என்பதால் பதற்றம் வேண்டாம். ஆனாலும் 60 சதவீதத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு ஏறத் தொடங்காதீர்கள்.

மூன்றாம் படி: நுழைவுக் கட்டணம், தங்குமிடம்

பூங்காவுக்கு வாசல் கதவோ டிக்கெட் கூண்டோ கிடையாது. அதனால் கட்டணமே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு காருக்கு 30 டாலர், 7 நாட்களுக்குச் செல்லும். ஃபர்னஸ் க்ரீக் வருகையாளர் மையத்திலோ சாலையோரத் தானியங்கி இயந்திரங்களிலோ கட்டலாம். ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டை வேண்டும். எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவான ஆண்டு அட்டை வைத்திருந்தால் அதுவே போதும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் வாரத்தில் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். எந்தச் சாலை மூடியிருக்கிறது என்பதும் அங்கேதான் தெரியும். கட்டணத்தைவிட அதுதான் முக்கியம்.

ஏனென்றால் இங்கே சாலைகளை உடைப்பது மழை. 2015 அக்டோபர் வெள்ளத்தில் சேதமான ஸ்காட்டிஸ் கோட்டை என்ற பழைய மாளிகை பல ஆண்டுகளாகத் திறக்கப்படவே இல்லை. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குல மழையைக் கொட்டியது. ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்ததில் சாலைகள் அடித்துக்கொண்டு போய், பூங்கா கிட்டத்தட்ட இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. அந்தத் தண்ணீர் பேட்வாட்டரில் ஏரியாகத் தேங்கியது. 2024 பிப்ரவரியில் மறுபடி மழை பெய்து, அதில் மக்கள் படகு ஓட்டிய காட்சியும் நடந்தது.

தங்குவதற்கு ஃபர்னஸ் க்ரீக் நடுவான இடம். அங்கே இரண்டு விடுதிகள் உண்டு, இரண்டும் விலை கூடியவை. ஸ்டவ்பைப் வெல்ஸ் கொஞ்சம் மலிவு. மணல்மேடுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பீட்டியில் தங்கலாம். ஆனால் சூரிய உதயம் பார்க்க விடியற்காலை ஸப்ரிஸ்கி முனைக்கு வர 50 நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கூடாரம் போடுபவர்கள் ஃபர்னஸ் க்ரீக் முகாமை குளிர்காலத்துக்கு ஆறு மாதம் முன்பே பதிவு செய்யலாம். பதிவு திறந்த சில நாட்களிலேயே நல்ல தேதிகள் போய்விடும். மாலையில் காற்று திடீரென வீசும். கூடாரத்தின் முளைகளை நன்றாக அறையாமல் போனால், சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு வரும்போது கூடாரம் பக்கத்து முகாமில் கிடக்கும்.

நான்காம் படி: காரில் இருக்க வேண்டியவை

தண்ணீர் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். நடை போவதாக இருந்தால் அதற்கும் மேல். இது குடிப்பதற்கு மட்டும். இதைத் தவிர, கார் நின்றுவிட்டால் சமாளிக்க 10 லிட்டராவது டிக்கியில் கிடக்கட்டும். வருகையாளர் மையத்தில் குழாய்த் தண்ணீர் இலவசம். பாட்டில்களை அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. இங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். உடலில் உப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரை மட்டும் ஏற்றினால் உப்பு இன்னும் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல் வரும். எலக்ட்ரால் பொட்டலங்கள், உப்புப் போட்ட வேர்க்கடலை, ஊறுகாயோடு புளியோதரை எல்லாமே இங்கே மருந்துதான். தயிர்சாதம் கொண்டுபோவதென்றால் ஐஸ் பெட்டி இல்லாமல் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மதியத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும். பூங்கா உணவகங்களில் சைவத்துக்குப் பெரிய தேர்வு இல்லை.

கைபேசி சிக்னல் ஃபர்னஸ் க்ரீக்கிலும் ஸ்டவ்பைப் வெல்ஸிலும் சுமாராக வரும். அவற்றைத் தாண்டினால் பெரும்பாலும் பூஜ்ஜியம். வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கி வையுங்கள். வருகையாளர் மையத்தில் தரும் காகித வரைபடத்தையும் வாங்கிக் கண்ணாடிக்கு முன்னால் போடுங்கள். ஜிபிஎஸ் சொல்லும் குறுக்குவழியை இங்கே நம்பக் கூடாது. பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளைக்கூட அது சாலை என்று காட்டுகிறது. அப்படித் தடம் மாறிப்போய் உயிரிழந்தவர்களும் உண்டு. “ஜிபிஎஸ் மரணம்” என்றே அதற்கு இங்கே பெயர் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்து மண் சாலை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி, காகித வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

மற்றவை: முழுக்கை சட்டை, அகலமான தொப்பி, மூடிய காலணி, தலைவிளக்கு, முதலுதவிப் பெட்டி, காற்றடைத்த ஸ்டெப்னி, ஜாக்கி. வாடகைக் கார்களில் ஸ்டெப்னிக்குப் பதில் பசை டப்பா மட்டுமே வைத்திருப்பார்கள். சாவி வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

ஐந்தாம் படி: காரை ஓட்டும் விதம்

இந்தப் பூங்காவில் அதிக உயிர்களை வாங்குவது வெயில் என்று நினைத்தால் அது தவறு. தனிக் கார் விபத்துகள்தான் முதலிடத்தில் இருக்கின்றன. நேரான, காலியான சாலையில் வேகம் தெரியாமல் ஏறும். திடீரென ஒரு வளைவு வரும், ஓரம் தளர்ந்த சரளையாக இருக்கும், சக்கரம் அதில் இறங்கியதும் பதறித் திருப்பினால் கார் உருண்டுவிடும். சக்கரம் தார் விளிம்பை விட்டு இறங்கினால் ஸ்டியரிங்கைப் படாரென்று திருப்பாமல், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, வேகம் குறைந்த பிறகு மெல்ல மேலே ஏற்றுங்கள்.

ஸ்டவ்பைப் வெல்ஸிலிருந்து மேற்கே டவுன் கணவாய்க்கு ஏறும் சாலை 17 மைலில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி ஏறுகிறது. வெப்ப நாட்களில் எஞ்சின் சூடேறும் இடம் இதுதான். ஏறும்போது ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். சூடு காட்டும் முள் ஏறினால் காரை ஓரங்கட்டி, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும்தான், ஆனால் எஞ்சின் சூட்டை வெளியே இழுப்பது அந்த ஹீட்டர்தான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் காராக இருந்தாலும் கியரை ‘எல்’ அல்லது 2-இல் போட்டு, எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள்.

முதல் நாள்: கிழக்கும் தெற்கும்

சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த வரிசை.

விடிவதற்கு 40 நிமிடம் முன்பு ஸப்ரிஸ்கி முனையில் இருங்கள். ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து 5 மைல். பார்க்கிங்கிலிருந்து மேலே போகும் தார்ப்பாதை குறுகியது, ஆனால் செங்குத்து. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை மெதுவாக ஏறச் சொல்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் உதிக்கும். முதல் வெளிச்சம் எதிரே மேற்கில் உள்ள பானமின்ட் மலையுச்சியில் பட்டு, ரோஜா நிறமாகி, பிறகு இறங்கி, கடைசியில்தான் கண்ணெதிரே மடிப்பு மடிப்பாக உள்ள மஞ்சள் மண்மேடுகளைத் தொடும். சூரியன் தெரிந்ததும் கிளம்பிவிடுகிறவர்கள் நல்ல பாதியைத் தவறவிடுகிறார்கள். இன்னும் 20 நிமிடம் நில்லுங்கள்.

அப்படியே கிழக்கே 20 மைல் போனால் டான்டேஸ் வியூ. உயரம் 5,475 அடி. காலையில் வெயில் பின்னாலிருந்து விழுவதால், நேர் கீழே 5,700 அடி ஆழத்தில் பேட்வாட்டரின் வெண்மை தெளிவாகத் தெரியும். மாலையில் போனால் கண் கூசும். ஆயிரம் அடிக்கு 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்பதால், கீழே இருப்பதைவிட இங்கே சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர். காற்றும் சேர்ந்தால் ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. முட்டிவலிக்காரர்களுக்கு இதுதான் பூங்காவிலேயே சிறந்த இடம். கார் கதவைத் திறந்தால் காட்சி எதிரே இருக்கும்.

திரும்பும் வழியில் இருபது கோவேறு கழுதைகள் பேரில் உள்ள பள்ளத்தாக்குச் சாலை வரும். சுமார் மூன்று மைல் மண் சாலை, ஒருவழி. காய்ந்த நாளில் சாதாரணக் காரே போகும். 1883 முதல் சில ஆண்டுகள் வெண்காரம் ஏற்றிய வண்டிகளை இருபது விலங்குகள் கொண்ட தொடர் ஃபர்னஸ் க்ரீக் பக்கமிருந்து 165 மைல் தூரத்தில் உள்ள மொஹாவி ரயில் நிலையம் வரை இழுத்தது. அந்த வண்டிகளை ஃபர்னஸ் க்ரீக்கில் ஹார்மனி வெண்கார ஆலையில் பார்க்கலாம். மதிய உணவும் ஓய்வும் வருகையாளர் மையமும் அங்கே.

மதியம் இரண்டரைக்குமேல் தெற்கே பேட்வாட்டர் சாலையில் இறங்குங்கள். வழியில் எங்கும் நிற்காமல் முதலில் பேட்வாட்டருக்கே, 17 மைல். காரணம், ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் தெற்கிலிருந்து வடக்கே மட்டும் போகும் ஒருவழிச் சாலை. திரும்பி வரும்போதுதான் அதற்குள் நுழைவது வசதி.

பேட்வாட்டரில் இறங்கியதும் கிழக்கே மலைச்சுவரை அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே வெகு உயரத்தில் ‘கடல் மட்டம்’ என்று ஒரு பலகை தெரியும். வெள்ளையாக மிதித்து நசுங்கிய தரையில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நீங்கள் இன்னும் ஒரு மைல் மேற்கே நடங்கள். மண்ணுக்கடியில் உள்ள உப்புநீர் வெப்பத்தில் மேலே ஏறி ஆவியாகும்போது உப்புப் படிகங்கள் பல்கோண வரப்புகளாக உந்தி எழுகின்றன. ஆள் மிதிக்காத இடத்தில் அந்த வரப்புகள் விரல் உயரத்தில், கூர்மையாக, பொடிப்பொடியாகப் படிந்து நிற்கும். கீழே குனிந்து பார்த்தால் ஊசிபோன்ற இழைகள் தெரியும். மழைக்குப் பிறகு இந்தப் பரப்பு சேறாகிக் காலை விழுங்கும். மேலே வெள்ளையாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. காரைத் தார் விட்டு இறக்கினால் அபராதம் உண்டு, அதோடு சக்கரத் தடம் பல்லாண்டுகள் மறையாது.

வெயில் நாளில் வருபவர்கள் பேட்வாட்டரைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். கிழக்கு மலைச்சுவரின் நிழல் விடிந்து வெகு நேரம் வரை அங்கே விழுந்திருக்கும்.

திரும்பும்போது டெவில்ஸ் கால்ஃப் கோர்ஸ். கட்டி கட்டியாக உறைந்த உப்பு இங்கே கத்தி முனை. தடுக்கி விழுந்து கையை ஊன்றினால் கிழிந்துவிடும். சிறுபிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கையில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், 9 மைல். ஆர்ட்டிஸ்ட்ஸ் பாலெட் என்ற இடத்தில் பாறைகள் பச்சையும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக இருக்கும். எரிமலைச் சாம்பலும் இரும்பு முதலிய உலோகக் கலப்புகளும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கொடுத்த நிறங்கள் அவை. பாறைமுகம் மேற்கு பார்த்தது என்பதால் மாலை வெயிலில்தான் நிறம் எடுக்கும். 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு இந்தச் சாலையில் அனுமதி இல்லை. நேரமிருந்தால் கோல்டன் பள்ளத்தாக்கில் அரை மணி நடை. இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இரண்டாம் நாள்: மணலும் பள்ளமும்

மெஸ்கிட் ஃபிளாட் மணல்மேடுகள் ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து 23 மைல். விடியும் முன் போனால் முந்தைய நாள் காலடிகளைக் காற்று கொஞ்சமாவது துடைத்திருக்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் மணல் மடிப்புகள் தெரியும். உயரமான மேடு சுமார் 100 அடி. போய்வர 2 மைல்தான், மணலில் நடப்பதால் இரண்டு மடங்கு களைப்பு. மேட்டின் முதுகு வரம்பில் ஏறுங்கள், சரிவில் நேராக ஏறினால் ஏறியது பாதியும் சரியும். பக்கவாட்டு நடை நடக்கும் சிறு பாம்பு, சைடுவைண்டர், மெஸ்கிட் புதர்களின் அடியில் இருக்கும். வெப்ப மாதங்களின் இரவில் தலைவிளக்கு இல்லாமல் போக வேண்டாம்.

அங்கிருந்து ஸ்டவ்பைப் வெல்ஸ் பக்கம் 2 மைல் சரளைச் சாலையில் மொசைக் பள்ளத்தாக்கு. வெள்ளம் வழுவழுப்பாக்கிய பளிங்குச் சுவர்கள் முதல் அரை மைலுக்குள்ளேயே வந்துவிடும். வானிலையில் மழை வாய்ப்பு இருந்தால் எந்தக் குறுகிய பள்ளத்தாக்குக்குள்ளும் போகாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே எங்கோ மலைமேல் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவரும்.

பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கே போனால் உபிஹீபி எரிமலை வாய். அரை மைல் அகலம், 600 அடி ஆழம், எழும் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு நீராவியாக வெடித்ததால் உண்டான பள்ளம். உள்ளே இறங்குவது ஐந்து நிமிடம், சரளையில் ஏறி வருவது அரை மணி நேரம். மேற்கே போனால் ஃபாதர் க்ரவ்லி காட்சி முனை, கலிஃபோர்னியாவின் மேற்குப் பக்கம் திரும்புபவர்களுக்கு வழியிலேயே வரும்.

ரேஸ்ட்ராக்: நகரும் கற்களைத் தேடி

பலருக்கு டெத் வேலி என்றாலே, கற்கள் தாமாக நகர்ந்து தடம் பதிக்கும் ரேஸ்ட்ராக் என்ற இந்த உலர்ந்த ஏரிதான் நினைவுக்கு வரும். ஆனால் பலருக்கு இது வேண்டாத இடம் என்பதே எங்கள் கருத்து. உபிஹீபியிலிருந்து 27 மைல், போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியான மண் சாலையில் கூரிய கற்கள் பதிந்து கிடக்கின்றன. நகரத்து டயர்களின் பக்கச்சுவர் மெல்லியது, அதைத்தான் இந்தக் கற்கள் கிழிக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் பங்ச்சர் பசை உதவாது. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண் சாலையைத் தடை செய்கின்றன. அங்கிருந்து கார் இழுத்துவரும் செலவு ஆயிரம் டாலரை எளிதாகத் தாண்டும், அது உங்கள் கைக்காசு.

போயே தீர வேண்டுமென்றால் உயரமான ஜீப், தடித்த ஆல்-டெரெய்ன் டயர்கள், முழு அளவு ஸ்டெப்னி, முடிந்தால் இரண்டு. டயர் காற்றை 25 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, மணிக்கு 15 மைல் வேகத்தில் போங்கள். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி அடிக்க ஒரு சிறு கம்ப்ரஸர் வேண்டும். ஃபர்னஸ் க்ரீக்கில் இதற்கேற்ற ஜீப்புகள் வாடகைக்குக் கிடைக்கும்.

கற்கள் இருப்பது உலர்ந்த ஏரியின் தென்கோடியில். நடுவில் கரும்பாறைத் தீவு தெரியும் இடத்திலேயே இறங்கித் தேடிவிட்டு, “ஒன்றையும் காணோம்” என்று திரும்புபவர்கள் உண்டு. இன்னும் 2 மைல் தெற்கே போக வேண்டும். கற்கள் எப்படி நகர்கின்றன என்பதை ரிச்சர்ட் நாரிஸும் ஜேம்ஸ் நாரிஸும் 2013 டிசம்பரில் நேரில் பார்த்து, 2014-இல் வெளியிட்டார்கள். குளிர்கால மழை மெல்லிய நீர்ப்பரப்பாகத் தேங்கி, இரவில் சில மில்லிமீட்டர் தடிமனில் உறைகிறது. காலையில் பனித்தட்டு உடைந்து, இளங்காற்றில் நகர்ந்து, கல்லை ஈரச் சேற்றின் மேல் நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. தரை ஈரமாக இருந்தால் ஏரிக்குள் கால் வைக்காதீர்கள். ஒரு காலடி அடுத்த வெள்ளம் வரும்வரை, சில சமயம் பல ஆண்டுகள், அப்படியே இறுகி நிற்கும்.

கோடையில் போவதென்றால்

மே முதல் செப்டம்பர் வரை இது காருக்குள் இருந்து பார்க்கும் பூங்கா. ஜூலையில் சராசரிப் பகல் உச்சம் 47 டிகிரி செல்சியஸ், இரவிலும் 30-க்குக் கீழே இறங்குவது அரிது. காலை 10 மணிக்குமேல் தாழ்ந்த இடங்களில் நடை கூடாது. எப்போதும் ஏசி ஓடும் காரிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருங்கள். நடந்தே ஆக வேண்டுமென்றால் மேலே ஏறுங்கள். வைல்ட்ரோஸ் கரிச்சூளைகளும் டெலஸ்கோப் சிகரப் பாதையும் 6,800 அடிக்கு மேல் இருப்பதால் தாங்கக்கூடிய வெப்பம்தான்.

2024 ஜூலையில் ஓர் ஐரோப்பியப் பயணி மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து, மூன்றாம் நிலைத் தீக்காயத்தோடு மருத்துவமனை போனார். அன்று காற்று 50 டிகிரியை ஒட்டி இருந்தது, மணல் அதைவிட எவ்வளவோ சூடு. கடும் வெப்பத்தில் காற்று லேசாகிவிடுவதால் ஹெலிகாப்டர் அங்கே பத்திரமாக இறங்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். “எதுவானாலும் ஹெலிகாப்டர் வரும்” என்ற கணக்கு கோடையில் செல்லாது.

ஏதாவது தவறிப்போனால்

கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்காதீர்கள். 1996-இல் காணாமல் போன ஒரு ஜெர்மானியக் குடும்பத்தின் வண்டி மூன்று மாதத்தில் கிடைத்துவிட்டது. எஞ்சிய எலும்புகள் மைல்கள் தள்ளி 2009-இல்தான் கிடைத்தன. வானத்திலிருந்து தேடுபவர்களுக்கு நடக்கும் ஆளைவிட நிற்கும் கார் எளிதில் தெரியும். பானட்டைத் தூக்கி வையுங்கள், காரின் நிழலில் உட்காருங்கள். ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் சிக்னல் இல்லாமலே செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம். ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும், குறுகிய பள்ளத்தாக்குக்குள் அது திணறும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் செய்தி வரவில்லையென்றால் 911-ஐ அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தலைவலி, வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழல், உப்புக் கலந்த நீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ, ஆள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது வெப்ப மயக்கத்தின் அடுத்த கட்டம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடையை நனைத்து, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, ஏசி காரில் ஏற்றிக்கொண்டே உதவி கேளுங்கள்.

மற்ற விதிகள் சுருக்கமாக: ட்ரோன் பறக்கவிடக் கூடாது, கல், உப்பு எதையும் எடுத்துவரக் கூடாது, நரி போன்ற கயோட்டிக்குச் சோறு போடக் கூடாது. நாய்களை நடைபாதைகளில் அழைத்துப்போக முடியாது, கார் போகும் சாலைகளிலும் முகாமிலும் போகலாம். ஃபர்னஸ் க்ரீக்கில் டிம்பிஷா ஷோஷோன் மக்களின் குடியிருப்பு இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு அவர்களுடைய சொந்த ஊர். வீடுகளுக்குள் கேமராவோடு நுழையாதீர்கள்.

இரவுக்கு ஒரு வேலை மிச்சம் வையுங்கள். 2013 முதல் இது சர்வதேச இருள்வானப் பூங்கா. அமாவாசையை ஒட்டிய தேதியைத் தேர்ந்தெடுத்தால், மணல்மேட்டுப் பார்க்கிங்கிலிருந்தே பால்வீதி தெரியும். பிப்ரவரிக்குப் பிறகு அதன் நடுப்பகுதி விடியற்காலையில் எழும், டிசம்பர் இரவுகளில் தெரியாது. கண் இருளுக்குப் பழக 20 நிமிடம் வேண்டும், அதுவரை கைபேசித் திரையைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். தலைவிளக்கில் சிவப்பு ஒளி வசதி இருந்தால் அதை மட்டும் போடுங்கள், பக்கத்தில் மணிக்கணக்காகக் கேமராவைத் திறந்து வைத்திருப்பவர் திட்டாமல் இருப்பார்.